தொட்டி இன்னும் தயாராகவில்லை

ஜனவரி 3

எதையும் எழுதி வைக்காதே, எழுத்து சாட்சி சொல்லும் என்பாள் அம்மா. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்று மாடியிலிருந்து வீட்டுக்கார மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உன்னை எதுக்குக் கூப்பிடுதாவ? கையைக் காட்டு. வாடை அடிக்கா?"

தாம்பரத்தில் சித்தி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட வஞ்சிரம் இத்தனை நாள் மணக்காது என்றேன். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அனுப்பினாள்.

எங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வீட்டில் குப்பைக் கூடையில் ஒரு நண்டு ஓடு கிடந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சை எழுதிவிட்டு வந்து பார்த்தால் எங்கள் கட்டிலும் பீரோவும் தெருவில் நின்றன. அப்புறம் நங்கநல்லூர் முழுக்க அலைந்து இந்த வீடு கிடைத்தது. வாசலில் 'சைவம் மட்டும்' என்று பலகை. அப்பா பெயரைச் சொன்னார்: ஆறுமுகநயினார்.

"திருச்செந்தூர்ப் பக்கமா? நயினார்னா சைவப் பிள்ளையா இருக்கணுமே?" என்று மாமா கேட்டார்.

அப்பா இருமினார். மாமா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் முருகன் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள், வைத்துக்கொண்டு மீனும் சாப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து இந்த வீட்டில் சாம்பார், ரசம், பொரியல். மீன் என்றால் தாம்பரம். திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி.

மாமா கூப்பிட்டது மீன் விஷயமாகத்தான். ஆனால் உயிரோடு இருக்கும் மீன். அவர் வீட்டு ஹாலில் கடல்மீன் வளர்க்கும் பெரிய தொட்டி இருக்கிறது. போன மாதம் கொளத்தூரிலிருந்து ஒரு நீல மீனை வாங்கி நேராக உள்ளே விட்டிருக்கிறார். அது கொண்டுவந்த வெள்ளைப் புள்ளி நோயில் ஒன்றைத் தவிர எல்லா மீன்களும் போய்விட்டன. இனி வரும் மீன்களைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்க்க ஒரு சின்னத் தொட்டி வைக்கப்போகிறாராம்.

"புதுசா வர்றவா யாரா இருந்தாலும் தனியா வெச்சுப் பாக்கணும்டி செண்பகா. எதைக் கொண்டு வர்றாளோ, யார் கண்டா?" என்றார்.

மீனைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 5

தொட்டி எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையில். ஹாலில் இன்னொரு தொட்டியை வைக்க கோமளா மாமி சம்மதிக்கவில்லை.

நானும் மாமாவும் உப்பைக் கரைத்து ஊற்றினோம். மீன் எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்தார். மீனின் கழிவிலிருந்து அமோனியா வருமாம், அது விஷம். அதைத் தின்ன ஒரு கிருமி உண்டு. தின்றுவிட்டு அது வேறொரு விஷத்தை விடும். அதைத் தின்ன இன்னொரு கிருமி. இரண்டும் தொட்டியில் குடியேறிப் பெருகிய பிறகுதான் மீனை விட வேண்டும். பெரிய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் அந்தக் கிருமிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நோயும் இருக்கிறதாம், எடுக்கக் கூடாதாம்.

என் வேலை தண்ணீரைச் சோதிப்பது. கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டு விட்டு ஆட்ட வேண்டும். மஞ்சளாக இருந்தால் அமோனியா இல்லை. பச்சை என்றால் இருக்கிறது.

"நீங்களே பாக்கலாமே மாமா?"

"எனக்கு மஞ்சளும் பச்சையும் ஒண்ணுதான். ரயில் ஓட்டணும்னு ஆசைப்பட்டேன். கலர் டெஸ்ட்ல தள்ளி அக்கவுண்ட்ஸ்ல உக்கார வெச்சுட்டான். நீ என்ன சொல்றியோ அதுதான் கலர்."

எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அவரு வீட்டுக்குள்ள போகாதே, பேசாதேன்னா, அவருக்குக் கண்ணாவே ஆயிட்டியோ?" என்றாள்.

ஜனவரி 10

மஞ்சள். மாமா கடையில் வாங்கி ஊற்றிய கிருமிப் புட்டியால் ஒன்றும் நடக்கவில்லை. கிருமிகளுக்குத் தின்ன எதுவும் இல்லை என்று மாமா சொல்கிறார். ஏதோ வீடியோவில் பார்த்தாராம்: ஒரே ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டால் போதுமாம்.

'இறால்' என்று சொல்லும்போது மாடிப்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாமி மேலே திருப்பாவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மார்கழி முடியட்டும்" என்றார் மாமா, ரகசியமாக.

ஜனவரி 16

மார்கழி முடிந்தது. மாமா இன்று கேட்டே விட்டார்.

"அது ஒண்ணு வேணுமே. நான் போய் நின்னா கோயில்ல பாக்கறவா யாராவது பாத்துடுவா. நீ வாங்கிண்டு வர்றியா?"

இது சோதனை. மீன் கடைக்குப் போகத் தெரிந்த பெண் எப்படிச் சைவமாக இருப்பாள்? "எனக்கு அதெல்லாம் தெரியாதே மாமா" என்றேன்.

"தெரியாதுன்னுதான் கேக்கறேன்" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம் முழுக்க வீட்டில் ஆராய்ந்தோம். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும், சரி என்றாலும் வரும் என்றார் அப்பா. பிறகு இருமினார்.

அம்மா என்னைப் பழக்கினாள். ஒரு கத்தரிக்காய்க் காம்பைக் கையில் கொடுத்து, "இதுதான் றாலுன்னு வச்சுக்கோ. ரெண்டு விரலால பிடி. மூஞ்சியைச் சுளி. நல்லா சுளிட்டி! உமட்டுத மாதிரி" என்றாள்.

முகம் சுளிக்க வரவில்லை. எச்சில்தான் ஊறியது.

ஜனவரி 18

பழவந்தாங்கல் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் போனேன். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒரு எறா கொடுங்க" என்றேன்.

மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா, கம்மலுக்குக் கல்லா வாங்குற, ஒண்ணு ரெண்டுன்னு? ஊட்ல எத்தினி பேரு?"

"மூணு பேர்."

"மூணு பேருக்கு ஒரு எறாவா? மூஞ்சிய பாத்தா நல்ல ஊட்டுப் பொண்ணாட்டம் கீற. கால் கிலோ எட்த்துனு போ."

கால் கிலோ வாங்க வேண்டியதாகிவிட்டது. ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். இரண்டு விரலால் பிடித்தேன், முகத்தையும் சுளித்தேன். அவர் அதை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அதற்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

மீதியை அம்மா பார்த்தாள். நான் குப்பையில் போடச் சொன்னேன். "குப்பையில போட்டுத்தானே போன வீடு போச்சு" என்று சொல்லி, ஃப்ரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் வைத்தாள்.

ஜனவரி 21

பச்சை! இறால் வெளுத்து ஊதிப்போய் நாறுகிறது. அந்த அறைக் கதவைத் திறந்தால் எங்கள் சமையலறை வரை வருகிறது.

அம்மா ஜன்னலில் நின்று நீளமாக மூச்சை இழுத்தாள். "இந்த நாத்தத்துல நாம என்ன வறுத்தாலும் எவனுக்குத் தெரியப்போவுது?"

வேண்டாம் என்றேன். அப்பாவும் வேண்டாம் என்றார். ஆனால் அவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சோறு பிசைந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம். மாமா. அம்மா இறால் தொக்குச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

"தொட்டி நாத்தம் உங்காத்துக்குள்ள வந்துடுத்தா? சாப்பிடற நேரம். ரொம்ப மன்னிச்சுக்கணும்" என்றார் மாமா.

அப்பா பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். "பரவாயில்ல சார். சகிச்சுக்கிடுதோம்."

ஜனவரி 22

பச்சை. அம்மா சாளை மீன் வறுத்தாள்.

ஜனவரி 26

கோமளா மாமிக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் விஷயம் இல்லை, இறால் விஷயம். மாடியில் பேசியது படிக்கட்டு வழியாக எல்லாம் கேட்டது.

"நம்ம அகத்துலயா? நம்ம அகத்துக்குள்ளயா?"

"அகத்துக்கு வெளியிலதான். மாடிப்படிக்கு அடியில."

"மாடிப்படி யாரோடது?"

இரண்டு வேளை மாமாவுக்குக் காப்பி இல்லை. மூன்றாவது வேளை மாமியே கீழே வந்து, தொட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எப்போடி முடியும்?"

"கிருமி வளந்ததும் முடிஞ்சிடும் மாமி. அப்புறம் வாசனையே வராது."

"அதுவரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கப்புறமும் நாத்தம் வந்துதுன்னா, நான் வேற எடத்துல தேடுவேன்" என்றாள்.

பிப்ரவரி கடைசியோடு எங்கள் வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் மாமி கையில். மார்ச்சில் எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

பிப்ரவரி 2

அம்மா பாடிக்கொண்டே மிளகாய் அரைக்கிறாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பாடிக் கேட்டதில்லை. நேற்று பாறை மீன் குழம்பு. முந்தாநாள் திருக்கை. தாம்பரம் சித்தி போன் செய்து, ஏன் வருவதில்லை, கோபமா என்று கேட்டாள்.

சாயங்காலம் மாமாவும் நானும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமா மூக்கைத் தூக்கி, "இன்னிக்குத் தொட்டில மிளகும் பூண்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார்.

அமோனியா சில நாள் அப்படியும் மணக்கும் என்று சொல்லிவிட்டேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார். பாவம், கண் மாதிரியே மூக்கும் அவருக்குச் சரியில்லை.

பிப்ரவரி 7

இறால் கரைந்தே போய்விட்டது. பச்சை வெளுத்துக்கொண்டு வருகிறது. இரண்டாவது விஷத்துக்கு வேறு சொட்டு மருந்து. அது ஊதாவிலிருந்து நீலத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொளத்தூர் கடையில் ஒரு ஜோடி கோமாளி மீனுக்குச் சொல்லி வைத்துவிட்டார். போனில் படம் காட்டினார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியதற்கு நான்தான் பெயர் வைக்க வேண்டுமாம். மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டேன். அதை இங்கேகூட எழுத மாட்டேன்.

அம்மாவிடம், "தொட்டி முடியப்போகுது, இனி நிறுத்திடணும்" என்றேன்.

"இந்த வாரம் மட்டும்ட்டி" என்றாள்.

பிப்ரவரி 11

சொட்டு விட்டு, ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள். இன்னொரு குழாயைப் பார்த்தேன். நீலம். அமோனியாவும் இல்லை, இரண்டாம் விஷமும் இல்லை. தொட்டி தயார்.

"என்ன கலர்?" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்து எங்கள் சமையலறையில் எண்ணெய் சொய்ங் என்றது. ஒரு நிமிஷத்தில் நெத்திலி மணம் ஜன்னலைத் தாண்டி வந்து எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.

"பச்சை மாமா" என்றேன்.

"இன்னுமா?"

"நல்ல பச்சை."

பிப்ரவரி 12

மஞ்சள். பச்சை என்றேன்.

பிப்ரவரி 15

ஒரு பொய் சொன்னால் அடுத்ததற்குத் துணிச்சல் வரும் என்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. குழாயை ஆட்டும்போதே கை நடுங்குகிறது, நன்றாக ஆட்டுகிறேன் என்று மாமா பாராட்டுகிறார்.

கொளத்தூர்க்காரர் இன்னும் எத்தனை நாள் மீனைப் பிடித்து வைப்பது என்று கேட்கிறாராம். "நம்ம தொட்டி கொஞ்சம் அழுத்தக்காரி" என்று மாமா போனில் சமாதானம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மூன்று பேரும் உட்கார்ந்து, நாளையிலிருந்து மீன் இல்லை என்று முடிவு செய்தோம். அம்மாவும் தலையாட்டினாள். பிறகு, "வாங்கி வச்ச சங்கரா இருக்கே" என்றாள். அப்பா, "அதை மட்டும் முடிச்சிரு" என்றார்.

பிப்ரவரி 16

சங்கரா முடிந்தது. அப்பா சாயங்காலம் வரும்போது கையில் நண்டு.

பிப்ரவரி 19

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் நான் குழாயை ஆட்டிக்கொண்டிருந்தேன். மாமா ஸ்டூலில். எங்கள் சமையலறையில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமி படியிறங்கி வரும் மெட்டிச் சத்தம் கேட்டது. முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள்.

"இன்னும் ஆகலையா? கிருமி வளர்றதா, இல்ல கல்யாணம் பண்ணிண்டு பேரன் பேத்தி எடுக்கறதா?"

"ஆயிடும். செண்பகா, என்ன கலர்?" என்றார் மாமா.

"பச்சை மாமா."

மாமி கிட்டே வந்தாள். என் கையிலிருந்த குழாயை எட்டிப் பார்த்தாள்.

"எதுடி பச்சை? எலுமிச்சம்பழச் சாதம் மாதிரி மஞ்சளா இருக்கு!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. மாமா குழாயை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

"பச்சைதான்" என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்? ரயில்வேக்காரனே வேண்டாம்னு சொன்ன கண்ணு!"

"உனக்கு மட்டும் என்னவாம்? போன மாசமே டாக்டர் கேட்டராக்ட்னு சொன்னாரா இல்லையா? கேட்டராக்ட் வந்தா எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும். கொழந்தைக்குப் பதினஞ்சு வயசுக் கண்ணு. அவ பச்சைன்னா பச்சை."

மாமி என்னைப் பார்த்தாள். நான் நல்ல பச்சையைப் பார்ப்பது போலவே குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்போ இந்த நாத்தம்?"

"அமோனியா. இல்லேன்னா வேற எங்கேர்ந்து வரும்? கீழ இருக்கறவா சுத்த சைவம். நான் விசாரிச்சுத்தானே வெச்சேன்? நாளைக்கே ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டு அக்ரிமெண்டைப் புதுப்பிச்சுடு. இந்த நாத்தத்தைச் சகிச்சுண்டு வேற எவன் குடியிருப்பான்?"

மாமி முந்தானையை மூக்கில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு, "அதுவும் சரிதான். பாவம் அவா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மாமா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"இந்தாத்துல நான் சொன்னதுல இன்னும் தப்பாப் போகாம இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார் மாமா, தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "விசாரிச்சு வெச்சேன்னு சொன்னது. அதுவும் போச்சுன்னா அப்புறம் மாமி என்னையும் தனியா வெச்சுப் பாக்க ஆரம்பிச்சுடுவா."

போனை எடுத்துக் கொளத்தூரைக் கூப்பிட்டார். அந்த ஜோடியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், தொட்டி தயாராக நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாமா என்னைப் பார்த்து, "உனக்குப் பரீட்சை எப்போ முடியறது?" என்றார். சொன்னேன். அதற்கும் மேலே ஒரு வருஷம் சேர்த்துக் கடைக்காரரிடம் சொன்னார்.

பெயர் வைத்த மீன் போய்விட்டது.

மாமா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "தொட்டில இப்போ ஒண்ணுமில்லைன்னா நாளைக்கு மாமி மூக்கை நம்ப ஆரம்பிச்சுடுவா. இன்னொண்ணு போடணும். இறாலைவிட நன்னா நாறறது ஏதாவது இருக்கோ?"

"நெத்திலிக் கருவாடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. யோசிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, ரெண்டு விரலால் பிடிக்கவும் இல்லை. மாமா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சரி, அதையே வாங்கிண்டு வா. எவ்வளவு வேணும்?"

"தொட்டிக்கு மட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

மாமா படியில் ஒரு காலை வைத்து நின்றார். மேலே மாமி டி.வி. போடும் சத்தம் கேட்டது.

"வேற யாருக்கு?" என்று உரக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அரைக் கிலோ போறுமான்னு அம்மாவைக் கேட்டுக்கோ" என்றார்.